ஆரஞ்சுக் குடை இறங்கிய சாலை

29 ஜனவரி 2025, புதன்

பலூன் வந்துவிட்டது. என் அஞ்சலகத்துக்கே, என் பெயருக்கே வந்த பார்சல். நானே கையெழுத்துப் போட்டு நானே வாங்கிக்கொண்டேன். தபால்காரர் மருதையன் பெட்டியைக் குலுக்கிப் பார்த்து, "என்னம்மா, மறுபடியும் வானத்துக்கா?" என்றார்.

ஆமாம், மறுபடியும். இது மூன்றாவது. முதல் பலூன் கோடியக்கரையைத் தாண்டிக் கடலுக்குள் போய்விட்டது. இரண்டாவது வடுவூர்ப் பக்கம் ஒரு பனையின் உச்சியில் மாட்டிக்கொண்டது. மரம் ஏற ஆள் தேடி அரைநாள் அலைந்தோம். இந்த முறை கேமராவும் வைத்து அனுப்புகிறோம். ஐந்து விநாடிக்கு ஒரு படம். முப்பது கிலோமீட்டர் உயரத்தில், நல்ல பகலிலேயே வானம் கறுப்பாக இருக்குமாம். அதைப் பார்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய செய்தி, வளவன் வருகிறார். கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் ஹாம் ரேடியோ என்ற என் வானொலிப் பொழுதுபோக்கின் பக்கம் அவர் திரும்பியதில்லை. வேளாண்மை அலுவலகம், விதை, பூச்சி, விவசாயிகள் — அவருக்கு அதுவே சரியாக இருந்தது. இன்று சாப்பிட்டுக்கொண்டே, "ரெண்டு வண்டி வேணும்னியே, ஒண்ண நான் ஓட்டட்டா?" என்றார். எனக்குக் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றுவிட்டது.

"நெசமாவா?"

"ஏன், நான் வரக்கூடாதா?"

கூடாதென்று யார் சொன்னது!

2 பிப்ரவரி, ஞாயிறு

சலாஹுதீன் அண்ணன் அதிராம்பட்டினத்திலிருந்து வந்திருந்தார். வளைகுடாவில் இருபது வருடம் கப்பல் ரேடியோ பழுதுபார்த்தவர். இந்தப் பைத்தியத்தில் எனக்கு ஒரே கூட்டாளி. ரேடியோ அலையில்தான் பழக்கம். குரலைக் கேட்டு ஒரு வருடம் கழித்துத்தான் முகத்தைப் பார்த்தேன்.

தெர்மாகோல் பெட்டிக்குள் இருப்பிடம் சொல்லும் கருவி, அதை அலையில் அனுப்பும் சின்ன டிரான்ஸ்மிட்டர், பேட்டரி. பெட்டிக்கு அடியில் ஒரு மரச்சட்டம், அதில் கேமரா. மேலே ஆரஞ்சுத் துணியில் நானே தைத்த பாராசூட். பலூன் உயரத்தில் வெடித்ததும் அந்தக் குடைதான் பெட்டியைக் கீழே கொண்டுவர வேண்டும். எங்கே இறங்கும் என்பது காற்றின் கையில். அதனால்தான் இரண்டு வண்டி. நானும் அண்ணனும் அவர் வேனில் வடக்கே நிற்போம். வளவன் எங்கள் காரில் தெற்கே. யாருக்குக் கிட்டே விழுகிறதோ அவர் எடுத்துக்கொள்வது.

பெட்டி மேல் கொட்டை எழுத்தில் ஒட்டினேன்: 'ஆபத்தில்லாத அறிவியல் சோதனைப் பொருள். கண்டால் இந்த எண்ணுக்கு அழைக்கவும்.'

8 பிப்ரவரி, சனி

பலூன் விட எழுத்து மூலம் அனுமதி வந்துவிட்டது. நாளைக் காலை ஏழுக்குள் விட வேண்டும். காற்று மேற்கிலிருந்து. கணக்குப்படி மன்னார்குடிக்குத் தெற்கே, கோட்டூர் போகும் வழியில் விழும்.

9 பிப்ரவரி, ஞாயிறு

எழுதினால்தான் நம்புவேன் போலிருக்கிறது. முதலிலிருந்து எழுதுகிறேன்.

காலை 6.50-க்கு ஒரத்தநாட்டுக்கு வெளியே, அறுத்துக் கிடந்த வயலில் விட்டோம். நூலை விட்டதும் அது தயங்கவில்லை. வளவன் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இவ்வளவு வருசம் இத வுட்டுட்டேனே" என்றார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்து எத்தனை காலமாயிற்று.

பிறகு இரண்டு வண்டியும் கிளம்பின. 9 மணிக்கு மேலே பலூன் வெடித்தது. இருபத்தொன்பது கிலோமீட்டர்! அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இறங்க இறங்க வரைபடத்தில் புள்ளி தெற்கே நகர்ந்தது. வளவனுக்குத்தான் கிட்டே. போன் போட்டேன்.

"தெரியுதா?"

"தெரியுது குந்தவை! ஆரஞ்சுக் கலர்ல… யப்பா, என்னா அழகா எறங்குது!"

"கண்ண எடுத்துடாதீங்க. எடுத்தா அப்புறம் கண்டுபிடிக்க முடியாது."

"எடுக்கல, எடுக்கல—"

அதோடு லைன் அறுந்துவிட்டது. மூன்று தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. டவர் இல்லை என்று நினைத்தோம்.

9.44-க்குப் பெட்டி தரையைத் தொட்டது. சாலையோரம். கால்மணி கழித்துப் புள்ளி நகர ஆரம்பித்தது. "மாப்புள்ள எடுத்துட்டாருய்யா!" என்று அண்ணன் கத்தினார். நான் கைதட்டினேன். கடவுளே, கை தட்டினேன்.

புள்ளி மன்னார்குடி நோக்கி வேகமாகப் போனது. இவர் ஏன் இந்தப் பக்கம் வருகிறார் என்று பேசிக்கொண்டே பின்னால் போனோம். நின்ற இடம் அரசு மருத்துவமனை.

வாசலில் ஒரு குட்டியானை சரக்கு வண்டி. பின்பக்கம் எங்கள் பெட்டி, சுருட்டிப் போட்ட ஆரஞ்சுத் துணி. துணியில் ரத்தம்.

நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். மொபெட்டில் போய்க்கொண்டிருந்த புருஷன் பெண்டாட்டி. வானத்திலிருந்து இது வந்து அவர்கள் மேல் விழுந்துவிட்டது. அந்த ஆளுக்கு மண்டையில் அடி, நினைவில்லை. கால் முறிந்து தொங்குகிறது. அந்த அம்மாவுக்குக் கை.

"பொறு தங்கச்சி" என்று அண்ணன் என் கையைப் பிடித்தார். நான் பொறுக்கவில்லை. "இது எங்களோடது" என்றேன்.

என்னை யாரும் தொடவில்லை. அண்ணனைத்தான் சட்டையோடு பிடித்தார்கள். "என்ன பாய், குண்டா?" என்று ஒருத்தன் கேட்டான். அவர் தாடி நடுங்கியது. மருத்துவமனைக் காவலர் வந்து பிரித்துவிட்டார்.

போலீசார் வந்து வாக்குமூலம் எழுதினார்கள். அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன். பெட்டியை எடுத்துக்கொண்டார்கள். கேமரா இல்லை. சட்டத்தோடு பிய்ந்து எங்கேயோ விழுந்திருக்கிறது.

பதினொரு மணிக்கு வளவன் கூப்பிட்டார். வண்டி பஞ்சர் ஆகிவிட்டதாம், டவரும் இல்லையாம். நடந்ததைச் சொன்னேன். "நீ வீட்டுக்கு வா" என்றார்.

நான் தைச்ச குடை. நான் கட்டின பெட்டி. ஒண்ணேகால் கிலோகூட இல்லியே. அது எப்படி ஒரு மனுஷன—

10 பிப்ரவரி, திங்கள்

அவர் பெயர் கோவிந்தராசு. அம்பத்திரண்டு வயது. ஒரு மா, முப்பத்துமூன்று சென்ட், நிலம் சொந்தம், மற்றபடி கூலி வேலை. தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள்.

லீவு போட்டுவிட்டுப் போனேன். மனைவி அம்சம் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் மாவுக்கட்டு. நான் யார் என்று சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அண்ணாந்து என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"பொம்பளயா இருக்க. இதெல்லாமா வுடுவ வானத்துல?"

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

பிறகு அவரே சொன்னார். "எல்லாரும் மேலேர்ந்து விழுந்துச்சுங்குறாங்க. எனக்கென்னமோ பின்னாலேர்ந்து யாரோ புடிச்சுத் தள்ளுன மாதிரி இருந்துச்சும்மா. போலீசுகிட்டயும் சொன்னேன். அடிபட்டதுல ஒனக்கு ஒண்ணும் புரியலன்னுட்டாங்க."

அந்த வலியில் மேல் எது, பின் எது என்று யாருக்குத் தெரியும்? அவர் எனக்காக எதையோ மாற்றிச் சொல்கிறாரோ என்றுகூடத் தோன்றியது. தாங்க முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். தெருவெல்லாம் காவடி. கோவிந்தராசு இன்னும் கண் விழிக்கவில்லை.

13 பிப்ரவரி, வியாழன்

அஞ்சலகத்தில் எல்லோரும் மெதுவாகப் பேசுகிறார்கள். உள்ளூர்ச் செய்தியில் வந்துவிட்டது, 'வானில் இருந்து விழுந்த மர்மப் பொருள்' என்று. வழக்கு என் மேலும் அண்ணன் மேலும். அதிராம்பட்டினத்தில் அண்ணன் வைத்திருக்கும் ரேடியோ கடைக்கு இரண்டு முறை விசாரணைக்கு வந்து போனார்களாம். "எனக்கென்ன தங்கச்சி, நான் பாத்துக்குறேன். அந்த மனுசன் பொழைக்க துவா செய்றேன்" என்றார்.

சாயங்காலம் அழுதேன். வளவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்தார்.

"உன் தப்பு இல்ல குந்தவை."

"பின்ன யார் தப்பு?"

"உன் தப்பு இல்ல. நான் சொல்றேன்ல."

இந்த மனிதர் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன்! அவரும் இளைத்துப்போய்விட்டார். அலுவலகத்துக்குப் பஸ்ஸில்தான் போகிறார். வண்டியைத் தொடவே பிடிக்கவில்லையாம். கொல்லையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்.

15 பிப்ரவரி, சனி

ஒரு கணக்கு ஒத்துவரவில்லை. விநாடிக்கு ஐந்து மீட்டர் வேகம், ஒன்றேகால் கிலோ, அதுவும் தெர்மாகோல். தலையில் விழுந்தால் வீங்கும். நிலைதடுமாறி விழுந்திருக்கலாம். ஆனால் கால் அப்படி முறியுமா? மொபெட்டின் பின்சக்கரம் வளைந்திருப்பதாகக் காவல் நிலையத்தில் யாரோ சொன்னார்களாம். அண்ணன் சொன்னார்.

நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கணக்குப் போடுகிறேனா? என்ன பிறவி நான்?

எப்படி நடந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். என் குற்றம் எவ்வளவோ அவ்வளவையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும். நாளை அந்த இடத்துக்குப் போய்க் கேமராவைத் தேடப் போகிறேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் அண்ணனின் வேனில் போனோம். வளவனையும் கூப்பிட்டேன். தலைவலி என்றார். "எதுக்கு அங்கல்லாம் போற? வுடேன்" என்றார். இரண்டு தடவை சொன்னார்.

கோட்டூர்ச் சாலையில் ஒரு மதகு. அதை அடுத்து இரண்டு பக்கமும் உளுந்து. தார் மேல் கண்ணாடித்தூள் இன்னும் கிடந்தது. வயலில் நின்றவரிடம் கேட்டோம். "குடை மேல வுழுந்து அமுக்கிருச்சுங்க" என்றார்.

"நீங்க பாத்தீங்களா?"

"நான் ஓடியாரப்ப ரெண்டு பேரும் குடைக்கு அடியில கெடந்தாங்க."

"விழுறப்ப பாத்தீங்களா?"

யோசித்தார். "இல்லீங்க. சத்தம் கேட்டுத்தானே திரும்பினேன்."

பார்த்தவர் யாருமே இல்லை. குடையைப் பார்த்தவர்கள்தான் எல்லோரும்.

உளுந்துச் செடிக்குள் ஒரு மணி நேரம் தேடினோம். அண்ணன்தான் கண்டெடுத்தார். வரப்போரம், சட்டத்தோடு குப்புறக் கிடந்தது. மேலே கீறல். உள்ளே மெமரி கார்டு அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. வளவன் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். கார்டைக் கணினியில் போட்டேன்.

இரண்டாயிரத்துச் சொச்சம் படங்கள். கறுப்பு வானம் இருந்தது. பூமியின் ஓரம் வளைந்து நீலக் கோடாகத் தெரிந்தது. பார்க்கவில்லை. கடைசிக்குப் போனேன்.

9.43.35. சாலை. ஒரு மொபெட், இரண்டு பேர். பின்னால் வெள்ளைக் கார்.

9.43.40. கேமரா ஆடியிருக்கிறது. வானமும் தென்னையும்.

9.43.45. மொபெட் கீழே கிடக்கிறது. கார் அதைத் தாண்டி நிற்கிறது. குடை இன்னும் மேலேதான் இருக்கிறது. படத்தை எடுத்த பெட்டியே அந்தரத்தில் அல்லவா இருந்திருக்கிறது! அப்படியானால் நாங்கள் இல்லை. நாங்கள் இல்லை! நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். அண்ணனைக் கூப்பிடப் போனைக்கூட எடுத்துவிட்டேன்.

9.43.50. கார்க் கதவு திறந்திருக்கிறது. வெளிர்நீலச் சட்டை போட்ட ஒருவர் ரோட்டில்.

9.43.55. அவர் அண்ணாந்து பார்க்கிறார்.

நேராகக் கேமராவைப் பார்க்கிறார். வாய் திறந்திருக்கிறது. பத்து மீட்டர்கூட இருக்காது. நெற்றியில் விபூதிகூடத் தெரிகிறது. கிளம்பும்போது நான் பூசிவிட்டது.

9.44.00. உளுந்து இலைகள்.

கொல்லைக்குப் போய்த் தார்ப்பாயைத் தூக்கினேன். இடது பக்க விளக்கு இல்லை. பம்பர் உள்ளே போயிருந்தது. அதன் இடுக்கில் ஒரு துண்டுச் சேலை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கடைத்தெருவிலிருந்து வந்தவர் என்னையும் வண்டியையும் பார்த்தார். கையில் கீரைக்கட்டு. அதைக் கீழே வைக்கவும் தெரியவில்லை அவருக்கு.

17 பிப்ரவரி, திங்கள்

நேற்று அவர் சொன்னதை மறக்குமுன் எழுதிவிடுகிறேன். மறக்கவா போகிறேன்.

"மேலயே பாத்துக்கிட்டு ஓட்டினேன். ஒரு இடி இடிச்சுது. எறங்கிப் போய்க் கூப்பிட்டேன். ரெண்டு பேரும் அசையல. செத்துட்டாங்கன்னு நெனச்சேன். அப்பதான் மேலேர்ந்து உன் குடை வந்து அவங்க மேல படுத்துச்சு. வயல்லேர்ந்து ஆளுங்க சத்தம் போட்டாங்க. எல்லாம் குடையத்தான் பாக்குறாங்க. என்னை யாரும் பாக்கல குந்தவை. வண்டிய எடுத்துட்டேன்."

"நூத்தியெட்டுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே."

"போன் கையிலதான் இருந்துச்சு. திரையில உன் பேர் இருந்துச்சு. கட் பண்ணிட்டேன்."

"ஒரு வாரமா நான் பைத்தியம் புடிச்சு அலையறேன். அண்ணன் மேல கேஸ். பாத்துக்கிட்டே இருந்தீங்களா?"

"உன் தப்பு இல்லன்னு சொன்னேனே!"

சொன்னார். தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். அதற்கு இதுதான் அர்த்தம்.

பிறகு காலைப் பிடித்துக்கொண்டார். பதினாறு வருட உத்தியோகம். யார் முகத்தில் விழிப்பது. "உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அந்தக் கார்ட ஒடச்சுப் போட்டுடு. பெட்டி விழுந்ததுன்னா விபத்து. உனக்கு அனுமதிக் கடிதம் இருக்கு. உன்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்க. என்னை ஒழிச்சுடுவாங்க."

நிதானமாகத்தான் யோசித்து வைத்திருக்கிறார். ஒரு வாரம் யோசித்திருக்கிறார். பதினொரு வருடம் நான் யாருக்குச் சோறு போட்டேன்?

"நீங்களா போய்ச் சொல்லிடுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்குறேன்" என்றேன்.

18 பிப்ரவரி, செவ்வாய்

கார்டு என் கைப்பையில். நான்கு தடவை எடுத்துப் பார்த்தேன். நகத்தளவுதான் இருக்கிறது. படம் இருந்ததா என்று அண்ணன் கேட்டார்; இன்னும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

19 பிப்ரவரி, புதன்

கண்ண எடுத்துடாதீங்க. நான்தான் சொன்னேன். வண்டி ஓட்டுகிற ஆளுக்குப் போன் போட்டு, ரோட்டைப் பார்க்காதே, வானத்தைப் பார் என்று சொன்னவள் நான். இதை எந்தப் படத்திலும் காணோம்.

20 பிப்ரவரி, வியாழன்

கோவிந்தராசு கண் விழித்துவிட்டார். அம்சமே போன் செய்து சொன்னார். ஓடினேன்.

பேச்சு தெளிவாக இல்லை. என்னை அறிமுகம் செய்தபோது கொஞ்ச நேரம் பார்த்தார். "வானத்துலேர்ந்தா?" என்றார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார். எத்தனை மாதம் நடக்க முடியாது என்று அவருக்கு இன்னும் சொல்லவில்லையாம்.

வெளியே வந்ததும் அம்சம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேற யாராவது இருந்தா திரும்பிப் பாக்காம போயிருப்பாங்க. நீ வந்து நின்ன. நல்லாருப்பம்மா" என்றார்.

அந்த வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் இன்னும் இரண்டு நாள் ஒளிந்திருப்பேனோ என்னவோ.

"அக்கா, பின்னாலேர்ந்து தள்ளுன மாதிரின்னு சொன்னீங்களே. அது நெசந்தான்" என்றேன். அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்து என் கையை விட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு, "அப்ப எனக்குப் புத்தி கலங்கல" என்றார். அதையே இன்னொரு தடவை சொன்னார். பிறகு உள்ளே போய்விட்டார்.

21 பிப்ரவரி, வெள்ளி

வளவன் போகவில்லை. காலையில் குளித்துச் சாப்பிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினார். வாசலில் நின்று, "நீ செய்ய மாட்ட" என்றார். மிரட்டலில்லை. நம்பிக்கையோடுதான் சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது.

பத்து மணிக்கு அண்ணனோடு காவல் நிலையம் போனேன். படங்களைப் போட்டுக் காட்டினேன். கடைசிக்கு முந்தின படத்தில் இன்ஸ்பெக்டர் நிறுத்தினார்.

"யாரும்மா இது?"

"என் வீட்டுக்காரர்."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார், படத்தை ஒரு முறை பார்த்தார். அண்ணன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவருக்கும் அப்போதுதான் தெரியும்.

போனில் பேசிக்கொண்டிருந்தது நான், கண்ணை எடுக்காதே என்று சொன்னது நான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். "அதெல்லாம் இதுல வராதும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "எழுதுங்க சார்" என்றேன். எழுதவில்லை. அதனால் இங்கே நானே எழுதிவைக்கிறேன்.

மத்தியானம் அலுவலகத்திலேயே போய் அழைத்து வந்தார்கள். நிலைய வாசலில் என்னைப் பார்த்தார். படத்தில் இருந்த அதே முகம், அதே திறந்த வாய்.

22 பிப்ரவரி, சனி

ஜாமீனில் விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வரவில்லை. நீடாமங்கலத்தில் அவர் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாராம். அக்கா போன் செய்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வைத்தார். அதை எழுத மாட்டேன்.

9 மார்ச், ஞாயிறு

எங்கள் மேலிருந்த வழக்கை முடித்துவிட்டார்களாம். அண்ணன் சொல்ல வந்திருந்தார். டீ குடித்தோம். "அடுத்தது எப்பன்னு கேக்கல தங்கச்சி. ரேடியோவ மட்டும் அணைச்சு வச்சிடாத. சாயங்காலம் கூப்புடுவேன்" என்றார். அன்று சட்டையைப் பிடித்த ஊருக்கு இந்த மனிதர் மூன்று தடவை போய்வந்திருக்கிறார். கோவிந்தராசுக்குச் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்திருக்கிறார். என்னிடம் சொல்லவே இல்லை.

27 மார்ச், வியாழன்

வளவனைப் பணியிடை நீக்கம் செய்திருக்கிறார்கள். பேப்பரில் பார்த்தேன். சோறு வடித்தேன். இரண்டு பேருக்கு வடித்திருந்தேன்.

17 ஏப்ரல், வியாழன்

ஒரு பெட்டி துணி எடுத்துப்போக வந்தார். நான் அஞ்சலகத்திலிருந்து திரும்பும்போது வாசலில் நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"என்னை வேற மாதிரி ஆளுன்னு நெனச்சிருந்தேன் குந்தவை" என்றார். "நானே நெனச்சிருந்தேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

3 ஜூலை, வியாழன்

இன்று பதினொன்றரை மணிக்கு, மணியார்டர் எழுதிக்கொண்டிருந்தபோது கவுண்டருக்கு வெளியே யாரோ நிற்பது தெரிந்தது. அம்சம். மாவுக்கட்டு இல்லை. இடது முழங்கை மட்டும் கொஞ்சம் கோணலாக நின்றது. கோட்டூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

மருதையனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன். தண்ணீர் குடித்தார். கோவிந்தராசு கம்பை ஊன்றி வாசல் வரைக்கும் நடக்கிறாராம்.

"உன்கிட்ட ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். போன்ல கேக்க மனசில்ல" என்றார்.

"கேளுங்கக்கா."

"உன் வீட்டுக்காரர நீதான் அனுப்புறியா?"

எனக்குப் புரியவில்லை.

"சித்திரையிலேர்ந்து வர்றாரே. வாரத்துல ரெண்டு நாள். மொதத் தடவ வந்து வாசல்ல நின்னாரு. எங்க வீட்டுக்காரரு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. நான் போயிடுய்யான்னேன். போயிட்டாரு. மறுவாரம் பாத்தா நேரா வயல்ல நிக்கிறாரு. மம்புட்டி எடுத்து வரப்பு வெட்டிக்கிட்டு."

அவர் குடித்து வைத்த செம்பை எடுத்து நகர்த்தி வைத்தேன்.

"வக்கீலு வரக்கூடாதுன்னாராம். கேஸு நடக்கையில வந்தா தப்பா ஆயிடுமாம். அப்படியும் வர்றாரு. ஒரு மாவையும் அவரேதான் உழுதாரு. நாத்தங்கால் வுட்டாரு. எங்க வீட்டுல தண்ணிகூடக் குடிக்க மாட்டாரு, பாட்டில்ல கொண்டாருவாரு. பேசறதும் இல்ல. வேலய முடிச்சுட்டு பஸ்ஸுக்குப் போயிடுவாரு. கேஸ வாபஸ் வாங்கச் சொல்லிக் கேப்பாருன்னு பாத்தேன். இன்னிவரைக்கும் கேக்கல. நீதான் சொல்லி அனுப்புறன்னு எங்க வீட்டுக்காரரு. இல்லன்னு நான். அதான் கேக்க வந்தேன்."

"நான் அனுப்பலக்கா. எனக்குத் தெரியவே தெரியாது."

தெரியாத ஒரு ஆளைப் பற்றி அவர் சொல்வதுபோல் இருந்தது. வளவனா? மண்வெட்டியா? விவசாயிகளுக்குப் பாடம் எடுக்கும்போது வரப்பில் செருப்போடு நிற்பவர் அவர்.

அம்சம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி. நான் சொன்னதுதான் சரி" என்று தலையாட்டினார். முந்தானையை உதறி எழுந்தார்.

"மன்னிச்சுட்டீங்களா அவரை?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தாளு ரோட்டுல எங்கள வுட்டுட்டுப் போனதும் நெசம். இப்ப வந்து குனிஞ்சு நிக்கிறதும் நெசம். ஒண்ண வச்சு ஒண்ண அழிக்க முடியுமா?" கொஞ்ச தூரம் நடந்தவர் திரும்பினார். "போன வாரந்தான் எங்க வீட்டுக்காரரு மொத மொதல்ல வாயத் தொறந்தாரு. அந்தாளுக்குத் தண்ணி குடுத்தியான்னு கேட்டாரு. அவ்வளவுதான்."

பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடப் போனேன். மன்னார்குடி பஸ் வந்தது. படியில் ஏறி நின்றுகொண்டு சொன்னார்:

"ஞாயித்துக்கெழம நடவு. ஆளு பத்தல. வாயேன்."

"எனக்கு நடத் தெரியாதேக்கா."

"நாத்துக்கட்டுங்களத் தூக்கிப் போட என்ன தெரியணும்? வா."

வருகிறேன் என்றேன். பஸ் போன பிறகுதான் உறைத்தது. வளவனும் அங்கே இருப்பார்.